திட்டம் ஓரிடம், வேலை ஓரிடம்

சுவிட்சர்லாந்தின் சூரிச்சில் பொருளாதார ஆய்வாளர்கள் ஒரு சோதனை நடத்தினார்கள். எந்தச் சிகிச்சையும் தேவைப்படாத ஒருவரை, நோயாளி என்று சொல்லி 180 பல் மருத்துவர்களிடம் அனுப்பினார்கள். அவர் பல்லில் இருந்தது எனாமலைத் தாண்டாத ஆரம்பச் சொத்தை. அவ்வப்போது பார்த்துக்கொண்டால் போதும். ஆனாலும் நான்கில் ஒரு தடவைக்கு மேல் தேவையில்லாத வேலையைச் செய்துவிடலாம் என்ற பதில் வந்தது.

அந்த ஆய்வில் இதைவிட முக்கியமாக எனக்குப் பட்டவை வேறு இரண்டு. கட்டணம் கூடுதலா குறைவா என்பதற்கும் இந்தப் பரிந்துரைக்கும் பெரிய தொடர்பு இல்லை. நேரம் வாங்க அதிக நாள் காத்திருக்கத் தேவையில்லாத கிளினிக்குகளில்தான் தேவையற்ற பரிந்துரை அதிகம். நம் ஊரில் அப்படியே நடக்கும் என்று சொல்ல வரவில்லை. ஆனால் நாம் பல் மருத்துவரைத் தேடும்போது முதலில் கேட்பது 'ஒரு கேப் எவ்வளவு?' என்றுதானே. அந்தக் கேள்வி நேர்மையை அளக்காது என்பதற்கு இந்தச் சோதனையே போதும்.

ஒரு பல் பிடுங்க, ஒரு சொத்தை அடைக்க இவ்வளவு யோசிக்க வேண்டியதில்லை. மூன்று நான்கு வேர் சிகிச்சை, வரிசையாகக் கேப், இரண்டு இம்பிளான்ட், ஈறு அறுவை என்று பட்டியல் நீளும்போதுதான் யோசிக்க வேண்டும். கேப்புக்காகத் தேய்த்த பல் திரும்ப வளராது. பிடுங்கிய பல்லைத் திருப்பி வைக்க முடியாது. ஆகவே, இதைச் செய்யத்தான் வேண்டுமா என்ற தீர்ப்புக்குத்தான், அதாவது சிகிச்சைத் திட்டத்துக்குத்தான், நாம் முதல் பணத்தைக் கொடுக்க வேண்டும். கைவேலைக்கான பணம் அதற்கு அடுத்தது. இரண்டையும் ஒரே இடத்தில் வாங்க வேண்டும் என்ற கட்டாயமில்லை.

தமிழ்நாட்டில் நமக்கு மூன்று வாசல்கள் இருக்கின்றன: நம் தெருவிலேயே இருக்கும் சொந்தக் கிளினிக், பல ஊர்களில் கிளை வைத்திருக்கும் நிறுவனக் கிளினிக், பல் மருத்துவக் கல்லூரி.

தெருக் கிளினிக்கின் பெரிய பலம், அந்த மருத்துவர் அங்கேயே இருப்பார் என்பது. ஐந்து வருடம் கழித்துக் கேப் கழன்றாலும் அதே முகத்தைப் போய்ப் பார்க்கலாம். உங்கள் அம்மாவுக்குப் பல் செட் கட்டியவர் என்றால் அவர் வேலை எத்தனை நாள் உழைக்கிறது என்பதற்கு வீட்டிலேயே சாட்சி உண்டு. பலவீனம் என்னவென்றால், பெரும்பாலும் அவர் பி.டி.எஸ். மட்டும் படித்தவர். கடினமான வேலைகளுக்கு வெளியிலிருந்து எம்.டி.எஸ். படித்த நிபுணர் ஒருவர் குறிப்பிட்ட நாட்களில் வந்து செய்துவிட்டுப் போவார். இதில் தவறேதும் இல்லை, நல்ல ஏற்பாடுதான். ஆனால் வருபவர் யார், எந்தப் பிரிவில் எம்.டி.எஸ்., எல்லாத் தடவையும் அவரேதான் வருவாரா என்பதைக் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். வேர் சிகிச்சைக்கு ஒரு பிரிவு, கேப் பிரிட்ஜ் பல் செட்டுக்கு ஒன்று, ஈறுக்கு ஒன்று, தாடை அறுவைக்கு ஒன்று என எம்.டி.எஸ். படிப்பு தனித்தனியாகப் பிரிந்திருக்கிறது. பல்வரிசையைச் சீராக்கும் கம்பி போடுவதில் எம்.டி.எஸ். வாங்கியவர், உங்கள் கடைவாய்ப் பல்லின் வேர் சிகிச்சைக்கு நிபுணர் ஆகிவிட மாட்டார். 'இம்பிளான்டாலஜிஸ்ட்' என்று பலகையில் போட்டிருந்தால் இன்னும் ஒரு கேள்வி கேளுங்கள்: அதற்கு என்ன பயிற்சி? இந்தியாவில் அந்தப் பெயரில் எம்.டி.எஸ். பிரிவு கிடையாது. அந்தப் பலகைக்குப் பின்னால் குறுகிய காலப் பயிற்சியும் இருக்கலாம், பல வருட அனுபவமும் இருக்கலாம்.

நிறுவனக் கிளினிக்கில் குளிர்சாதனமும் ஸ்கேனும் கணினித் திரையும் பளபளவென்று இருக்கும். நேரம் சொன்னால் நேரத்துக்கு உட்கார வைப்பார்கள். எனக்கு உறுத்துவது வேறு. மருத்துவர் பார்த்து முடித்ததும் வேறொருவர் வந்து அமர்ந்து, மொத்தத் தொகை, மாதத் தவணை, இன்றைக்கே முன்பணம் கட்டினால் எவ்வளவு தள்ளுபடி என்று பேசத் தொடங்குவார். பல்லில் சொத்தை ஒரே நாளில் முற்றிவிடாது. தள்ளுபடிதான் ஒரே நாளில் காலாவதியாகிறது. மருத்துவர்களும் மாறிக்கொண்டே இருப்பார்கள். முதல் நாள் பார்த்தவர் மூன்றாவது தடவை இருப்பார் என்று சொல்ல முடியாது. வேலை அங்கே மோசமாக இருக்கும் என்பதல்ல. நன்றாகச் செய்பவர்களும் உண்டு. ஆனால் திட்டத்தை மட்டும் அங்கே வாங்குவதை நான் தவிர்ப்பேன்.

மூன்றாவது வாசலைத்தான் பலர் யோசிப்பதே இல்லை. சென்னையில் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே 1953 முதல் இயங்கும் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சிதம்பரத்தில் ஒன்று, 2023-ல் புதுக்கோட்டையில் தொடங்கியது ஒன்று. இவை தவிர சென்னையைச் சுற்றி சவீதா, ராகாஸ், எஸ்.ஆர்.எம்., மீனாட்சி அம்மாள், மதுரையில் சி.எஸ்.ஐ. எனத் தனியார் கல்லூரிகள். வெளிக் கிளினிக்கைவிடக் கட்டணம் பொதுவாகக் குறைவு.

'ஸ்டூடன்ட் கை வெச்சுருவாங்க' என்பதுதான் எல்லோருக்கும் பயம். அது பாதி உண்மை. சிக்கலான வேர் சிகிச்சையையும் இம்பிளான்ட்டையும் பொதுவாக எம்.டி.எஸ். மாணவர்தான் செய்வார். அவரும் ஏற்கெனவே பி.டி.எஸ். முடித்த பல் மருத்துவர். ஆசிரியர் பார்த்துச் சரி என்ற பிறகே அடுத்த கட்டத்துக்குப் போவார். வெளிக் கிளினிக்கில் இரண்டாவது ஆள் ஒருவர் வேலையைச் சரிபார்ப்பது அபூர்வம். விலை வேறு விதத்தில் வரும்: வெளியே இரண்டு தடவையில் முடிவது இங்கே ஐந்தாறு தடவை இழுக்கும். பாதி நாள் விடுப்பு போடவேண்டியிருக்கும். மூன்று வருடத்தில் அந்த மாணவர் படிப்பு முடித்துப் போய்விடுவார். பின்னால் பிரச்சினை வந்தால் புது முகம்தான். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மாணவருக்கும் இத்தனை கேஸ் முடிக்க வேண்டும் என்ற கணக்கு உண்டு. எனவே கூட நிற்கும் ஆசிரியரிடமே நேராக, 'இது கட்டாயம் செய்யணுமா மேடம்?' என்று கேட்டுவிடுங்கள்.

என் தீர்ப்பு இது. பெரிய வேலைக்குக் கல்லூரியின் உரிய பிரிவில் திட்டத்தை வாங்குங்கள். நேரமிருந்து கையில் பணம் குறைவென்றால் வேலையையும் அங்கேயே முடியுங்கள். இல்லையென்றால் அந்தத் திட்டத்தோடு, சொந்த ஊரில் நிலையாக இருக்கும் மருத்துவரிடம் போய், உரிய நிபுணரை வரவழைத்துச் செய்துகொள்ளுங்கள்.

திட்டத்தைச் சரிபார்க்க இரண்டாவது இடத்துக்குப் போகும்போது முதல் மருத்துவர் சொன்னதை ஒப்பிக்காதீர்கள். எக்ஸ்ரேயை மட்டும் கொடுத்து, 'என் வாயில் என்ன இருக்கிறது, என்ன செய்யலாம்?' என்று கேளுங்கள். 'ஏழு கேப் போடச் சொன்னாங்க' என்று தொடங்கினால் வருகிற பதில் அந்த ஏழைச் சுற்றியேதான் சுழலும். எக்ஸ்ரேயின் நகலும், எந்தப் பல்லுக்கு என்ன காரணத்தால் என்ன வேலை என்று எழுதிய தாளும் கேட்டு வாங்குவது உங்கள் உரிமை. கட்டணம் வாங்கும் மருத்துவ சேவையும் நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்டதுதான் என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது. நாளை ஏதாவது தகராறு வந்தால் பேசப்போவது இந்தத் தாள்தான்.

நல்ல மருத்துவர் யார் என்பது முதல் பத்து நிமிடத்திலேயே ஓரளவு தெரிந்துவிடும். நாற்காலியைச் சாய்ப்பதற்கு முன் சர்க்கரை இருக்கிறதா, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா, எலும்புத் தேய்மானத்துக்கு ஊசி போட்டதுண்டா, புகைபிடிப்பீர்களா என்று கேட்பார். எலும்புத் தேய்மான மருந்துகளில் சில, பல் பிடுங்கிய இடத்தில் தாடை எலும்பு ஆறாமல் செய்துவிடக்கூடும். கட்டுப்படாத சர்க்கரையும் சிகரெட்டும் இம்பிளான்ட்டைத் தோற்கடிக்கக்கூடும். இதைக் கேட்காமல் நேராக இம்பிளான்ட் விலைக்குப் போகிறவரிடமிருந்து எழுந்து வந்துவிடலாம். ஈறைச் சின்னக் கோலால் அளந்து பார்த்து, 'முதலில் சுத்தம் செய்வோம், ஈறு ஆறிய பிறகு மற்றதைப் பேசலாம்' என்கிறவர் உங்கள் பணத்தை அவசரப்படுத்தவில்லை என்று பொருள்.

மாற்று வழிகளைச் சொல்கிறாரா என்பதையும் பாருங்கள். ஒரு பல் போய்விட்ட இடத்தில் பிரிட்ஜ் கட்டலாம், இம்பிளான்ட் வைக்கலாம், கழற்றி மாட்டும் பல் வைக்கலாம், சில இடங்களில் அப்படியே விடவும் செய்யலாம். பக்கத்துப் பற்கள் இரண்டும் நல்ல நிலையில் இருந்தால் பிரிட்ஜுக்காக அவற்றைத் தேய்ப்பது வீண். அவற்றில் ஏற்கெனவே பெரிய அடைப்போ கேப்போ இருந்தால் பிரிட்ஜ்தான் புத்திசாலித்தனம். இந்த இரண்டு வாக்கியத்தைக்கூடச் சொல்லாமல் ஒரே வழியை மட்டும் காட்டுகிறவர் மருத்துவம் பேசவில்லை.

இரண்டு கிளினிக்கின் மதிப்பீட்டை ஒப்பிடும்போது தொகையை மட்டும் பார்த்தால் ஏமாறுவோம். இம்பிளான்ட் என்பது மூன்று துண்டு: எலும்பில் இறங்கும் டைட்டானியத் திருகு, அதன்மேல் இணைப்பு, அதற்கும் மேலே கேப். குறைவாகச் சொல்பவர் திருகின் விலையை மட்டும் சொல்லியிருக்கலாம். எலும்பு போதாமல் எலும்புத்தூள் வைக்க வேண்டியிருந்தால் அது தனி. திருகு எந்த நிறுவனத்துடையது, எந்த அளவு என்ற ஸ்டிக்கரை உங்கள் அட்டையில் ஒட்டித் தரச் சொல்லுங்கள். பத்து வருடம் கழித்து இணைப்பு தளர்ந்தால் அதே நிறுவனத்தின் அதே வகைக் கருவிதான் பொருந்தும். பெயர் தெரியாத திருகை எந்த மருத்துவரும் தொடத் தயங்குவார். சாதாரணமாகத் திருகு எலும்போடு ஒட்ட மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். மூன்றே நாளில் பல் என்கிற விளம்பரம் சிலருக்குப் பொருந்தும், எல்லோருக்கும் பொருந்தாது. கேப்புக்குக் கொடுக்கும் பத்து, பதினைந்து வருட உத்தரவாத அட்டையும் பெரும்பாலும் கேப் உடைந்தால் மாற்றித் தருவதற்குத்தான். உள்ளே இருக்கும் பல் சொத்தையானால் அதற்கு அந்த அட்டை பொறுப்பேற்காது.

சுத்தம் பற்றிக் கேட்கக் கூச்சப்படக் கூடாது. வாணியம்பாடியில் ஒரு தனியார் பல் கிளினிக்கில் சிகிச்சை எடுத்த எட்டுப் பேர் 2023-ல் மூளையைத் தாக்கிய மெலியாய்டோசிஸ் தொற்றால் இறந்தார்கள். சலைன் பாட்டிலைச் சுத்தமில்லாத கருவியால் திறந்து, சரியாக மூடாமல் மறுபடி மறுபடி பயன்படுத்தியதைத்தான் பின்னர் ஆய்வு சுட்டியது. எனவே உங்கள் வாய்க்குள் போகும் கருவிகள் ஆட்டோகிளேவில் வெந்த உறையிலிருந்து உங்கள் கண்முன் எடுக்கப்படுகின்றனவா என்று பாருங்கள். உறையிலுள்ள அடையாளப் பட்டை நிறம் மாறியிருக்கும். அறுவை என்றால் சலைன் பாட்டில் புதிதாகத் திறக்கப்படுகிறதா என்று கேளுங்கள். வேர் சிகிச்சையின்போது பல்லைச் சுற்றி மெல்லிய ரப்பர் விரிப்பு மாட்டினால் எச்சில் உள்ளே இறங்காது. கேட்காமலே அதை மாட்டுகிறவர் கவனமுள்ளவர். இந்தக் கேள்விகளுக்குக் கோபித்துக்கொள்ளும் மருத்துவர் உங்களுக்கு நேரத்தை மிச்சப்படுத்திவிட்டார்.

சுவரில் மாநிலப் பல் மருத்துவக் கவுன்சிலின் பதிவுச் சான்றும், தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி கிளினிக்குக்கான பதிவும் தொங்க வேண்டும். இவை இருப்பதால் வேலை நன்றாக இருக்கும் என்பதில்லை. இல்லையென்றால் மேலே பேச ஒன்றுமில்லை. இணையத்தின் ஐந்து நட்சத்திரங்களை நான் அதிகம் நம்புவதில்லை. வலிக்கவில்லை, அன்பாகப் பேசினார்கள் என்பதைத்தான் மறுநாளே எழுத முடியும். கேப்பின் ஓரம் ஈறோடு சரியாகப் பொருந்தியதா என்பது நாலைந்து வருடம் கழித்தே தெரியும். அதற்கு, அங்கே பழைய வேலை செய்துகொண்ட ஒரு உறவினரோ அலுவலக நண்பரோ கிடைத்தால் போதும்.

கடைசியாக ஒன்று. முகம் வீங்கி, காய்ச்சலடித்து, வாயைத் திறக்கவோ விழுங்கவோ முடியாமல் போனால் மேலே சொன்ன எந்த ஒப்பீட்டுக்கும் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே பெரிய மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.