தங்கம் இருக்க, சுரங்கம் ஏன் மூடியது?

அன்புள்ள கயல்,

கோலார் தங்கவயலில் இன்னும் தங்கம் இருக்கிறது என்கிறார்களே, பிறகு 2001இல் ஏன் சுரங்கத்தை மூடினார்கள் என்று கேட்டிருந்தாய். பாறைக்குள் தங்கம் எப்படி வந்தது என்று தெரிந்துகொண்டால் பாதி விடை கிடைத்துவிடும்.

கர்நாடகத்தின் கிழக்கோரத்தில் வடக்கு தெற்காக ஒரு கரும்பாறைப் பட்டை ஓடுகிறது. நீளம் ஏறக்குறைய 80 கிலோமீட்டர். அகலம் சில கிலோமீட்டர்தான். சுமார் 270 கோடி ஆண்டுகளுக்கு முன் வழிந்த எரிமலைக் குழம்பு அது. பின்னர் பூமிக்குள் புதைந்து, வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறி ஆம்பிபோலைட் என்ற பாறையாயிற்று. நிலம் நெரிபட்டபோது அதில் பிளவுகள் விழுந்தன. ஆழத்திலிருந்து வெந்நீர் அவற்றின் வழியே மேலேறியது. அதில் சிலிக்கா கரைந்திருந்தது. கந்தகத்தோடு பிணைந்து மிகச் சிறிதளவு தங்கமும் இருந்தது. பிளவு விரிய, அழுத்தம் குறைய, பாகிலிருந்து கற்கண்டு படிவதுபோல் சிலிக்கா குவார்ட்ஸாகப் படிந்தது. கரும்பாறையிலுள்ள இரும்பு கந்தகத்தை இழுத்துக்கொண்ட இடங்களில் தங்கம் தனித்து விடுபட்டது.

இது ஒரே தடவையில் முடிந்த காரியமல்ல. பிளவு அடைபடும், மறுபடி விரியும், வெந்நீர் மறுபடி ஏறும். அதனால்தான் தங்கம் உள்ள குவார்ட்ஸ் பெரும்பாலும் அடுக்கடுக்காக இருக்கும். பளிச்சென்ற வெள்ளைக் குவார்ட்ஸைப் பார்த்து ஏமாந்துவிடாதே; கோலாரில் மதிப்பு மிகுந்தது கருநீலச் சாயல் கொண்ட குவார்ட்ஸ்தான்.

இப்படி உருவான குவார்ட்ஸ் நரம்புகளில் புகழ்பெற்றது சாம்பியன் ரீஃப். வடக்கு தெற்காகப் பல கிலோமீட்டர் நீளம். ஆனால் பல இடங்களில் ஒரு மீட்டர் அகலம்கூட இல்லை. மேற்கு நோக்கிச் சாய்ந்து இறங்கி, ஆழம் போகப் போகச் செங்குத்தாகிறது. பழங்காலத்து மக்களே இதன் மேற்பகுதியைக் குழி தோண்டி எடுத்திருந்தார்கள். 1880களில் கோலாரின் மைசூர் சுரங்கத்தில் கேப்டன் பிளம்மர் அந்தப் பழைய குழிகளுக்கும் கீழே போய்ப் பார்த்தபோதுதான் நரம்பு மேலும் தொடர்வது தெரிந்தது. அந்தச் சுரங்கத்தை நடத்திய ஜான் டெய்லர் நிறுவனத்துக்கு அது பெரும் திருப்பம்.

நரம்பு நீண்டிருந்தாலும் தங்கம் அதில் சீராகப் பரவியிருக்கவில்லை. சாய்வாக இறங்கும் சில பட்டைகளில் செறிந்திருக்கும். அவற்றுக்கு இடையே வெறுங்கல். நரம்பு மடிந்து வளைந்த இடங்களில் செறிவு கூடும். அப்படிப்பட்ட பட்டைகளைத் தேடித்தான் சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது.

தொடக்க ஆண்டுகளில் ஒரு டன் பாறையில் 40 கிராமுக்கும் மேல் தங்கம் கிடைத்தது. ஒரு டன்னை உடைத்தால் ஐந்து சவரன். கடைசிக் காலத்தில் டன்னுக்கு 4 கிராம் அளவுக்கு இறங்கியது. அப்போது ஒரு சவரனுக்கு இரண்டு டன் உடைக்க வேண்டும். அதையும் பல மடங்கு ஆழத்திலிருந்து தூக்க வேண்டும். அங்கே பாறையின் வெப்பம் 60 டிகிரியைத் தாண்டும். குளிர்ந்த காற்றை ஓயாமல் இறக்க வேண்டும். மேலிருக்கும் மலையளவு எடையால் பாறை திடீரென வெடித்துச் சிதறும். அதற்குப் பலியானவர்களிலும், கல்தூசியால் நுரையீரல் கெட்டவர்களிலும் வட ஆற்காடு போன்ற பகுதிகளிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர்கள் ஏராளம்; பெரும்பாலோர் தலித் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். மொத்தம் ஏறக்குறைய 800 டன் தங்கம் அவர்கள் உழைப்பில் மேலே வந்தது.

ஆகவே 2001 பிப்ரவரி 28 அன்று முடிந்தது நரம்பு அல்ல. தோண்டிக் கட்டுபடியாகும் பகுதிதான். அத்தகைய பகுதியை மட்டுமே சுரங்கத் துறையில் தாது என்பார்கள். அதன் எல்லையைப் பாறை பாதி தீர்மானிக்கும். தங்கத்தின் விலையும் தோண்டும் செலவும் மீதி. விலை ஏறினால், சயனைடால் தங்கத்தைப் பிரித்தெடுத்தபின் நேற்றுக் கழிவென்று கொட்டிய மண்மேடும் தாதுவாகலாம்.

“இத்தனை டன் தங்கம் கண்டுபிடிப்பு” என்று இனி ஏதாவது செய்தி வந்தால் மூன்று கேள்வி கேள்: டன்னுக்கு எத்தனை கிராம்? எவ்வளவு ஆழம்? நரம்பின் அகலம் என்ன? இவற்றுக்கு விடை இல்லாவிட்டால் அந்த எண்ணை நம்பி எந்த முடிவுக்கும் வராதே.

அன்புடன்,
பெரியப்பா