பாறைக் குன்றுப் பறவையும் நெடுஞ்சாலையும்

பெங்களூரிலிருந்து ஓசூர் செல்லும் சாலையில் ஹெப்பகோடி அமைந்துள்ளது. அதற்கு மேற்கே பன்னேர்கட்டா தேசியப் பூங்காவின் காடுகள் பரவியுள்ளன. யானைகளின் உறைவிடமாக இக்காடு பலராலும் அறியப்பட்டது. ஆயினும், இங்குள்ள பாறைக் குன்றுகளில் மஞ்சள்தொண்டைச் சின்னான் என்னும் அரிய பறவையும் வாழ்கின்றது.

பறவையின் இயல்பு

கொண்டைக்குருவி இனத்தைச் சேர்ந்த இப்பறவையை 1845-ஆம் ஆண்டில் ஜெர்டன் என்பார் விஞ்ஞான முறைப்படி விவரித்தார். இதன் நீளம் சுமார் 20 செ.மீ. உடல் சாம்பல் நிறம். தலையும் தொண்டையும் மஞ்சள். தென்னிந்தியாவிலன்றி உலகில் வேறெங்கும் இது காணப்படுவதில்லை. நந்தி மலை, சேர்வராயன் மலை போன்ற இடங்களில், பெரும் பாறைகளும் முட்புதர்களும் கலந்த சரிவுகளையே இது நாடுகின்றது. சிறு கனிகளையும் பூச்சிகளையும் உண்கின்றது. உலக அளவில் இது அழிவுக்குள்ளாகக்கூடிய இனங்களுள் ஒன்றாகக் கணிக்கப்பட்டுள்ளது.

சாலையால் விளையும் கேடு

சாலையின் பாதிப்பை அதன் அகலத்தைக் கொண்டு மட்டும் அளத்தல் தவறாகும். முதலாவதாக, பாதைக்காகப் புதர்கள் அகற்றப்படுகின்றன. இரண்டாவதாக, சாலையோரத்தில் கடைகளும் குடியிருப்புகளும் பெருகுகின்றன. காட்டுத்தீயும் களைச்செடிகளும் பரவ வழி ஏற்படுகின்றது. மூன்றாவது கேடு எளிதில் புலப்படாதது. சாலைக்கு ஜல்லி தேவை. ஜல்லிக்குக் கருங்கல் தேவை. கருங்கல் குன்றுகளே இப்பறவையின் வீடு. எனவே, பல மைல்களுக்கு அப்பால் அமையும் சாலையும் ஒரு குன்றை அழித்துவிடக்கூடும். வெட்டப்பட்ட மரத்திற்கு ஈடாக வேறொன்றை நடலாம். உடைக்கப்பட்ட குன்றை மீண்டும் உண்டாக்க இயலாது.

பெங்களூரைச் சுற்றியுள்ள நகரங்களை இணைக்கும் வட்டச்சாலைத் திட்டத்தில், பன்னேர்கட்டா வனப் பிரதேசத்தைப் பற்றிய பிரச்சினை எழுந்தது. இத்தகைய இடங்களில் மேம்பாலச் சாலை அமைத்தால் யானைகள் அதன் அடியில் கடந்து செல்லலாம். ஆனால், பாலத்தின் தூண்களுக்கும் ஜல்லி வேண்டும். ஆகவே, யானைக்கு உதவும் ஏற்பாடு பறவைக்கும் போதுமானது என்று கருதலாகாது.

செய்யத்தக்கவை

1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தேசியப் பூங்காக்களுக்குக் காப்பளிக்கின்றது. பூங்காவிற்கு வெளியேயுள்ள தனிக் குன்றுகளுக்கு அத்தகைய காப்பு இல்லை. ஆதலால், களப்பணியாளர் சாலையின் பாதை முடிவாகும் முன்னரே அக்குன்றுகளைப் பார்வையிடுதல் அவசியம். பறவையைக் கண்ட நாள், இடம், எண்ணிக்கை, அது உண்ட கனி ஆகியவற்றைக் குறித்து வைத்தல் வேண்டும். ஒருமுறை காணப்படாமையால் பறவை இல்லை என்று முடிவு செய்தலாகாது. பல பருவங்களிலும் நோக்குதல் வேண்டும். ஜல்லி எக்குன்றிலிருந்து வருகின்றது என்பதையும் விசாரித்து அறிக்கையில் சேர்த்தல் நன்று.

ஆசிரியர்கள் தம் ஊரிலுள்ள குன்று ஒன்றினை மாணவர்க்குக் காட்டி, அங்குள்ள செடிகளையும் பறவைகளையும் பட்டியலிடச் செய்யலாம். கூடுகளை அணுகாமல் தொலைவில் நின்று நோக்கும் பழக்கத்தையும் கற்பிக்க வேண்டும். இப்பட்டியல் ஆண்டுதோறும் தொடர்ந்தால், அக்குன்றில் இன்னின்ன உயிர்கள் வாழ்கின்றன என்பதற்குச் சான்றாக அமையும். சாலையின் பாதையை வகுப்போர்க்குத் தேவையானது அச்சான்றேயாகும்.