மார்கழிக் குளிரில் வாயில்லா ஜீவன்களுக்கு ஒரு கை: விலங்குக் காப்பகத்துக்குப் போகிறவர்களுக்கு 11 குறிப்புகள்

நம் ஊர்த் தெருநாய்கள் பெரும்பாலும் மழைக்காலத்தை ஒட்டித்தான் குட்டி போடுகின்றன. அதனால் கார்த்திகை, மார்கழியில் காப்பகங்கள் குட்டிகளால் நிரம்பிவிடும். கேப்டன் வி. சுந்தரம் 1959-இல் சென்னையில் தொடங்கிய ப்ளூ கிராஸ் முதல், ஊருக்கு ஊர் இருக்கும் சிறிய கொட்டகைகள் வரை இதே நிலைதான். பல வருடங்களாக ஞாயிறுதோறும் போய் வருவதில் நான் கற்றுக்கொண்டது இது: குளிரைவிட ஈரம்தான் அவற்றுக்கு எமன். சேவைக்குப் போகும் முன் இவற்றை மனதில் வையுங்கள்.

1. பழைய பருத்திச் சேலை, வேட்டி, துண்டு, சாக்கு ஆகியவைதான் அங்கே தங்கம். நைலான், ஜரிகை வேண்டாம். தொங்கும் நூல், கொக்கி, பட்டன்களை வெட்டி எடுத்துவிடுங்கள்; குட்டிகள் விழுங்கிவிடும். பீரோவில் அந்துருண்டையோடு இருந்த துணி என்றால் துவைத்து, வெயிலில் காயவைத்த பிறகே கொடுங்கள். அந்துருண்டை நாய், பூனைகளுக்கு விஷம்.

2. வெறும் சிமெண்ட் தரையில் துணி விரித்தால் போதாது. அடியில் மரப்பலகையோ தடித்த அட்டையோ போட்டு, அதன்மேல் சாக்கு, அதற்கும் மேல் துணி விரியுங்கள். உள்ளங்கையை விரிப்பில் நன்றாக அழுத்திப் பாருங்கள். கை சில்லிட்டால் உடனே மாற்ற வேண்டும். ஈரப் படுக்கைக்கு வெறும் பலகையே மேல்.

3. சூடு கொடுக்கத் தனிக் கருவி தேவையில்லை. பிளாஸ்டிக் பாட்டிலில் கைபொறுக்கும் சூட்டில் வெந்நீர் ஊற்றி, இறுக மூடி, துண்டில் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கத்தில் மட்டும் வையுங்கள். சூடு அதிகமானால் குட்டி மறுபக்கம் நகர்ந்துகொள்ள இடம் வேண்டும். தண்ணீர் ஆறியதும் மாற்றுங்கள். ஆறிய பாட்டில் குட்டியின் உடம்புச் சூட்டையும் இழுத்துவிடும்.

4. சில்லிட்டுக் கிடக்கும் குட்டிக்குப் பால் புகட்டவே கூடாது. உடம்பு குளிர்ந்தால் குடல் வேலை செய்யாது. கொடுத்த பால் வயிற்றிலேயே தங்கிவிடும். என் முதல் மார்கழியில், உள்ளங்கை அளவு செவலைக் குட்டி ஒன்றுக்கு அவசரப்பட்டுப் பால் கொடுத்துவிட்டேன். ஈறு வெளுத்து, வாய்க்குள் விரல் வைத்தால் ஐஸ் போல இருந்ததை நான் கவனிக்கவில்லை. மாலைக்குள் போய்விட்டது. “முதல்ல சூடு காட்டணும் கண்ணு, அப்புறந்தான் பால்” என்று அங்கிருந்த ஆயா சொன்னது இன்றும் காதில் கேட்கிறது. குட்டியை மார்போடு அணைத்து, மெல்ல மெல்லச் சூடேற்றி, வாய்க்குள் கதகதப்பு வந்த பிறகே புகட்டுங்கள்.

5. பசும்பால் குட்டிகளுக்கு ஒத்துக்கொள்ளாது. நாய்ப்பாலில் புரதமும் கொழுப்பும் பசும்பாலைப்போல இரண்டு மடங்குக்கு மேல் உண்டு, லாக்டோஸ் குறைவு. குட்டிகளுக்கென்றே விற்கும் பால் பவுடரைக் கரைத்துக் கொடுங்கள். குழந்தையைப் போல மல்லாக்கப் படுக்கவைத்துப் புகட்டினால் பால் நுரையீரலுக்குப் போய்விடும். குப்புற வைத்து, தலையைச் சற்றே தூக்கிக் கொடுப்பதே முறை.

6. குட்டிகளைக் கொத்தாகக் கொண்டுபோவது பார்வோ வைரஸ். ஆரோக்கியமான குட்டிகளின் கூண்டை முதலிலும், நோயுற்றவற்றின் கூண்டைக் கடைசியிலும் சுத்தம் செய்யுங்கள். கழிவைக் கழுவித் தள்ளிய பிறகு, திரவ பிளீச் 1 பங்குக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி, 10 நிமிடம் ஊறவிட்டு அலசுங்கள். தரை நன்றாகக் காய்ந்த பிறகே குட்டிகளை விடுங்கள். வீட்டில் நாய் இருந்தால், செருப்பையும் உடையையும் மாற்றிவிட்டு அதைத் தொடுங்கள்.

7. பூனைகள் இருக்கும் பக்கம் பினாயில் கூடாது. அதை முறிக்கும் சக்தி பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. சளி பிடித்த பூனைக்கு நம் வீட்டுப் பாரசிட்டமால் கொடுப்பதும் கூடாது; ஒரே மாத்திரை உயிரை எடுத்துவிடும்.

8. மாட்டுப் பொங்கலன்று பானை பானையாகச் சர்க்கரைப் பொங்கலைக் கொண்டுபோகாதீர்கள். வெந்த அரிசியும் வெல்லமும் அளவு மீறினால் மாட்டின் வயிற்றில் அமிலம் ஏறி, வயிறு உப்பிப் படுத்துவிடும். சாமிக்குப் படைத்ததில் ஒரு கைப்பிடி போதும். மீதிக்குப் பசும்புல்லோ ஒரு கட்டு அகத்திக்கீரையோ வாங்கிக் கொடுங்கள்.

9. சேவையில் சேரும் முன்பே நீங்கள் வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். 0, 7-ஆம் நாட்களிலும், 21 அல்லது 28-ஆம் நாளிலும் மூன்று ஊசிகள். கடியோ கீறலோ பட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். முன்பே ஊசி போட்டிருந்தாலும் மறுபடி போட வேண்டியிருக்கும்.

10. கிளம்பும்போது வண்டியின் பானட்டை இரண்டு தட்டு தட்டுங்கள். இன்ஜின் சூட்டுக்காகப் பூனைக்குட்டிகள் உள்ளே ஏறிப் படுத்திருக்கும். சக்கரத்துக்கு அடியிலும் குனிந்து பாருங்கள்.

11. பிறந்தநாள், பண்டிகை என்றால் பிஸ்கட் பாக்கெட்டோடு பலர் வருவார்கள். ஆனால் ஈரச் சாக்கை மாற்ற ஆள் தேவைப்படுவது, யாரும் வராத செவ்வாய்க்கிழமைக் காலை ஆறு மணிக்கு. அருகிலுள்ள காப்பகத்துக்குப் போன் செய்து, “உங்களுக்கு எந்த நாள் ஆள் குறைவு?” என்று கேளுங்கள். வாரத்தில் அந்த ஒரு நாளை உங்களுடையதாக வைத்துக்கொண்டு, தை முடியும்வரை தவறாமல் போய் வாருங்கள்.