மே மாத நோட்டைக் கேளுங்கள்

சிங்கப்பூரில் வீடு தேடுகிறவர்கள் முதலில் கேட்பது, எம்.ஆர்.டி. ரயில் ஸ்டேஷனுக்கு எத்தனை நிமிட நடை என்பதைத்தான். தண்ணீர் வருமா என்று அங்கே யாரும் கேட்பதில்லை. குழாயைத் திறந்து அப்படியே குடிக்கலாம். அந்த ஊரில் பல வருடம் இருந்துவிட்டு, கணவருக்குச் சென்னைக்குத் தெற்கே சிறுசேரி சிப்காட்டில் வேலை அமைந்ததும் பக்கத்திலுள்ள நாவலூருக்குக் குடிவந்தோம். எங்களுக்குச் சொந்த ஊர் கோவில்பட்டி. பேசுகிற பாஷை ஒன்றுதான் என்றாலும் சென்னை எங்களுக்குப் புது ஊர். சொந்தக்காரர்கள் இல்லை, எந்த ரோடு எங்கே போய்ச் சேரும் என்று தெரியாது. இப்போது ஒடிசாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் துபாயிலிருந்தும் இந்தப் பக்கம் வேலைக்கு வருகிறவர்கள் வீடு பார்க்கும்போது என்னையும் கூப்பிடுகிறார்கள். அவர்களிடம் சொல்வதையே இங்கே எழுதுகிறேன்.

முதலில் புரிந்துகொள்ள வேண்டியது ஒரு எல்லைக்கோடு. 2011-இல் சென்னை மாநகராட்சியை விரிவாக்கியபோது, பழைய மகாபலிபுரம் சாலையில் (ஓ.எம்.ஆர்.) தெற்கே செம்மஞ்சேரி வரை உள்ளே வந்தது. அடுத்த ஊரான நாவலூர் வெளியே நின்றுவிட்டது. இன்று அது செங்கல்பட்டு மாவட்டம். விளம்பரப் பலகைகளில் எல்லாமே சென்னைதான். ஆனால் குடிநீர் வாரியக் குழாய், பாதாளச் சாக்கடை, குப்பை வண்டி என்று எதைக் கேட்டாலும் பதில் அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒன்றாகவும் அந்தப் பக்கம் வேறாகவும் இருக்கும். சுங்கச்சாவடி விஷயத்திலும் அப்படித்தான் நடந்தது. 2021 ஆகஸ்ட் 30-இல் மாநகராட்சிக்கு உட்பட்ட நான்கு சாவடிகளில் வசூலை நிறுத்தினார்கள். நாவலூர்ச் சாவடி மட்டும் 2023 அக்டோபர் வரை வசூலித்துக்கொண்டே இருந்தது. ஆகவே வீட்டைப் பார்க்கப் போகும் முன், அது எந்த உள்ளாட்சியில் இருக்கிறது, வீட்டு வரி ரசீது யார் பெயரில் வருகிறது என்று கேளுங்கள்.

அடுத்தது தண்ணீர். கோவில்பட்டிக்காரிக்குத் தண்ணீர்க் கஷ்டம் புதிதல்ல. அதனால்தானோ என்னவோ, எந்த வீட்டுக்குப் போனாலும் ஹாலைப் பார்ப்பதற்கு முன் சம்ப் எங்கே என்று பார்க்கிறேன். நாவலூருக்குக் கிழக்கே பக்கிங்ஹாம் கால்வாய், அதைத் தாண்டினால் கடல். பல இடங்களில் போர் தண்ணீர் உப்பு. பெரும்பாலான அடுக்குமாடிகள் லாரித் தண்ணீரை நம்பித்தான் இருக்கின்றன. குடிக்கவும் சமைக்கவும் 20 லிட்டர் கேன். நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2013-இலேயே வந்துவிட்டது. 2024-இல் இரண்டாவது ஆலையும் திறந்தார்கள். நமக்குத் தெற்கே கொஞ்ச தூரத்தில்தான் இருக்கிறது. ஆனால் அது சென்னைக் குடிநீர் வாரியத்துக்காகக் கட்டியது. 2019 கோடையில் ஏரிகள் வற்றியபோது, ஓ.எம்.ஆரில் இருந்த ஐ.டி. கம்பெனிகள் சில, ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னது நினைவிருக்கும். ஆபீசுக்கே தண்ணீர் இல்லை என்றால் வீடுகளின் கதியைச் சொல்ல வேண்டியதில்லை.

புரோக்கரிடம் கேட்டால் “இருபத்திநாலு மணி நேரமும் தண்ணி மேடம்” என்பார். அது பொய்யில்லை. லாரி வரும்வரை தண்ணீர் வரத்தான் செய்யும். தெரிய வேண்டியது எத்தனை லாரி, என்ன தண்ணீர், யார் காசு. இது மூன்றும் ஓர் இடத்தில் எழுதியிருக்கும். பெரிய அடுக்குமாடிகளில் கேட்டுக்குப் பக்கத்தில் வாட்ச்மேன் மேஜை மேல் நீளமான ஒரு கோடுபோட்ட நோட்டு கிடக்கும். லாரி நம்பர், உள்ளே வந்த நேரம், எத்தனை லிட்டர், கீழே டிரைவர் கையெழுத்து. ஒழுங்கான அசோசியேஷன் என்றால் தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரை வைத்துப் பார்த்து அந்த எண்ணையும் எழுதிவைப்பார்கள். பிப்ரவரிப் பக்கத்தையும் மே மாதப் பக்கத்தையும் அடுத்தடுத்துப் பாருங்கள். பிப்ரவரியில் பகலில் மட்டும் வந்த லாரி மே மாதத்தில் ராத்திரி இரண்டு மணிக்கும் வந்திருக்கும். டி.டி.எஸ். எண் ஏறியிருக்கும். சில நாள் ‘லோடு வரவில்லை’ என்று ஒரு வரி மட்டும் இருக்கும். ஒரு வருடத்து வாழ்க்கையை அந்த ஒரு நோட்டு சொல்லிவிடும்.

லாரிச் செலவு மெயின்டனன்ஸுக்குள் அடக்கமா, தனியா என்றும் கேட்க வேண்டும். தனி என்றால் சதுர அடிக் கணக்கா, வீட்டுக்கு வீடு மீட்டர் இருக்கிறதா? இரண்டு பேர் இருக்கும் வீடும் ஆறு பேர் இருக்கும் வீடும் ஒரே பணம் கட்டுகிற இடத்தில் கோடையில் சண்டை வராமல் இருக்காது. இன்னொன்றும் மனசில் இருக்கிறது. அந்த லாரித் தண்ணீர் சுற்றுவட்டாரக் கிராமங்களின் கிணறுகளிலிருந்தும் வயல்வெளி போர்களிலிருந்தும் வருகிறது. நாம் குளிக்கிற தண்ணீர் யாரோ ஒருவருடைய நிலத்தடி நீர். மழைநீர்த் தொட்டியைச் சுத்தமாக வைத்திருக்கிற, கழிவுநீரைச் சுத்திகரித்துக் கழிப்பறைக்குத் திருப்பிவிடுகிற அடுக்குமாடிக்கு வாடகை கொஞ்சம் கூட இருந்தாலும் நான் அதைத்தான் சிபாரிசு செய்வேன். போகிறபோது அந்தக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் (எஸ்.டி.பி.) எந்த மூலையில் இருக்கிறது என்றும் பாருங்கள். சாயங்காலம் காற்று திரும்பும்போது வாடை எந்தப் பால்கனிக்கு வருகிறது என்பது அங்கே குடியிருப்பவர்களுக்குத் தெரியும்.

தண்ணீர் இல்லாத கஷ்டம் சித்திரை, வைகாசியில். தண்ணீர் கூடிப்போன கஷ்டம் ஐப்பசி, கார்த்திகையில். தென்சென்னையின் தரை அமைப்பு தெரிந்தால் இது எளிதில் புரியும். மழைநீர் மேற்கிலிருந்து கிழக்காகக் கடலைப் பார்த்து ஓட வேண்டும். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் சேர்வது ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாயில் விழுந்து, தெற்கே முட்டுக்காட்டில் கடலைத் தொடுகிறது. 2022-இல் அந்தச் சதுப்பு நிலத்துக்கு ராம்சார் அங்கீகாரம் கிடைத்தது. மிஞ்சியிருக்கிற பரப்புக்குக் கிடைத்த மரியாதை அது. நம் பக்கத்தில் தாழம்பூர், சிறுசேரி ஏரிகளிலிருந்து வழிகிற நீருக்கும் அதே கிழக்குத் திசைதான். நடுவில் ஓ.எம்.ஆர். உயர்ந்து கிடக்கிறது. ரோட்டுக்கு மேற்கே பள்ளமான தெருக்களில் தண்ணீர் நின்றால் வடிய நாளாகும். 2015 வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் தென்புறநகர் பட்டது எல்லோருக்கும் தெரியும்.

எந்தத் தெருவில் நிற்கும், எதில் நிற்காது என்பதை எந்த வரைபடமும் இஸ்திரி வண்டிக்காரரைப் போலச் சொல்லாது. தாழம்பூர் ரோட்டுப் பக்கம் ஒரு வீடு பார்க்கப் போனபோது, வேப்பமரத்தடியில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவரிடம் கேட்டேன்.

“அண்ணே, மழைக்கு இங்க தண்ணி நிக்குமா?”

“நிக்காம என்னா மேடம்? மழ வந்தா வண்டிய அந்த மேட்டாண்ட தள்ளிடுவேன். தண்ணி வடிஞ்சாத்தான் திரும்ப இங்க.”

அவர் காட்டிய மேட்டிலிருந்த தெருவிலேயே வீடு பார்த்தோம். வண்டி எந்தப் பக்கம் நகர்கிறதோ அந்தப் பக்கம் மேடு. காம்பவுண்டுச் சுவரில் பழுப்பாக ஒரு கோடு இருக்கிறதா என்று பாருங்கள், புதுப் பெயின்ட் அடித்திருந்தாலும் அக்கம்பக்கத்துச் சுவரில் இருக்கும். இ.பி. மீட்டர் பெட்டி எந்த உயரத்தில் இருக்கிறது என்றும் பாருங்கள். வழக்கத்தைவிட மேலே தூக்கி மாட்டியிருந்தால் ஒரு தடவை பட்டு மாட்டியிருக்கலாம். புயல் நாட்களில் கரண்ட் போனால் லிஃப்ட் நிற்கும், மோட்டார் நிற்கும். ஜெனரேட்டருக்கு டீசல் எத்தனை நாள் தாங்கும் என்று கேளுங்கள். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் முதல் மாடியோ இரண்டாம் மாடியோ போதும். பன்னிரண்டாவது மாடியிலிருந்து கடல் தெரியும் என்பது வாஸ்தவம்தான். லிஃப்ட் இல்லாத இரண்டு நாளில் அந்தக் கடல் உதவாது.

போக்குவரத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். சனி, ஞாயிறு வீடு பார்க்கப் போகாதீர்கள். வேலை நாளில், சாயங்காலம் ஆறரை மணிக்கு, சோழிங்கநல்லூர் சந்திப்பைத் தாண்டி வந்து பாருங்கள். மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரை மெட்ரோவின் மூன்றாம் வழித்தடம் வருகிறது. அதற்கான வேலை தொடங்கியதிலிருந்து ஓ.எம்.ஆரின் யூ-டர்ன்கள் இடம் மாறிக்கொண்டே இருக்கின்றன. ரோட்டுக்கு எந்தப் பக்கம் வீடு என்பது இங்கே பெரிய விஷயம். கம்பெனி பஸ்ஸும் ஷேர் ஆட்டோவும் சாயங்காலம் உங்களை இறக்கிவிடுகிற பக்கத்திலேயே வீடு இருந்தால், அந்த ரோட்டை இருட்டில் கடக்க வேண்டாம். பள்ளிக்கூட வேனுக்கும் அதே கணக்குதான்.

எங்களைப் போலத் தெற்கத்திக்காரர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. ஊருக்குப் போகிற ரயில் தாம்பரத்தில் நிற்கும். பஸ் கிளாம்பாக்கத்திலிருந்து கிளம்பும். நாவலூரில் ரயில் கிடையாது. தாழம்பூர் வழியாகவோ கேளம்பாக்கம் சுற்றியோ வண்டலூர் ரோட்டைப் பிடித்தால் கிளாம்பாக்கம் போய்விடலாம். தாம்பரத்துக்கு மேடவாக்கம் வழியும் இருக்கிறது, நெரிசல் அதிகம். மாதம் ஒரு முறை ஊருக்குப் போகிறவர்கள், அடிக்கடி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய அப்பா அம்மா உள்ளவர்கள், நாவலூரை விட்டுவிட்டுத் தாம்பரம், சேலையூர், செம்பாக்கம் பக்கம் பார்ப்பது நல்லது. அங்கே ரயில் இருக்கிறது, பழைய கடைத்தெரு இருக்கிறது, ராத்திரி ஒன்பது மணிக்கும் மருந்துக்கடைக்கு நடந்தே போகலாம். சிறுசேரியிலோ நாவலூரிலோ வேலை, பிள்ளைகள் சின்னவர்கள் என்றால் நாவலூருக்கு ஈடு வேறில்லை.

இனி மனிதர்கள். சிங்கப்பூரில் அரசு கட்டிய அடுக்குமாடிகளில் எந்த இனத்தார் எத்தனை விழுக்காடு இருக்கலாம் என்று 1989-இலிருந்தே விதி இருக்கிறது. ஒரே இனத்தார் ஓரிடத்தில் குவியக் கூடாது என்பது நோக்கம். நாவலூரில் அப்படி விதி இல்லை. வேலைதான் எல்லோரையும் கலந்து வைத்திருக்கிறது. எங்கள் மாடியிலேயே ஒரு வீட்டில் தெலுங்கு, ஒரு வீட்டில் ஒடியா, எதிர்வீட்டில் மலையாளம். புதிதாக வருகிறவர்கள் தங்கள் பாஷைக்காரர்கள் அதிகமாக இருக்கிற அடுக்குமாடியைத் தேடுகிறார்கள். முதல் ஆறு மாதத்துக்கு அது ஆறுதல்தான். அதற்கு மேல் அது ஊரைத் தெரிந்துகொள்ள விடாது. அசைவம் சமைக்கக் கூடாது, தனியாக இருக்கும் பெண்ணுக்கு வீடு இல்லை என்று அட்வான்ஸ் வாங்கிய பிறகு சொல்லும் இடங்களும் இருக்கின்றன. முதல் நாளே வெளிப்படையாகக் கேட்டுவிடுங்கள்.

புரோக்கர்கள் இன்னொன்றும் குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள்: “செம்மஞ்சேரி போர்டு வீட்டுப் பக்கம் வேணாம் மேடம்.” இதைக் கேட்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது. அங்கே அரசு வாரியக் குடியிருப்பில் இருப்பவை, நகரத்தின் ஆற்றோரங்களிலிருந்தும் கடலோரங்களிலிருந்தும் அகற்றப்பட்ட குடும்பங்கள். பழைய வேலையும் பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் இருபது முப்பது கிலோமீட்டருக்கு அப்பால் நின்றுவிட, இங்கே வந்து திரும்பத் தொடங்கியவர்கள். நம் வீட்டுப் பாத்திரத்தைத் தேய்க்கிற அக்கா, கேட்டில் நிற்கிற அண்ணன், கேன் தூக்கி வருகிற தம்பி எல்லோரும் அங்கிருந்துதான் வருகிறார்கள். துரைப்பாக்கத்துக் கண்ணகி நகரும் அதே மாதிரி உருவான குடியிருப்புதான். அங்கிருந்து போன கார்த்திகா 2025-இல் ஆசிய இளையோர் விளையாட்டில் கபடியில் இந்தியாவுக்காகத் தங்கம் வாங்கி வந்தார். அக்கம்பக்கத்தைப் பற்றிப் புரோக்கர் சொல்வதை வைத்து முடிவெடுக்காதீர்கள். பகலில் ஒரு தடவை நடந்து போய், டீக்கடையில் உட்கார்ந்து பேசிவிட்டு முடிவெடுங்கள்.

பணக் கணக்குக்கு வருவோம். வெளிநாட்டிலிருந்து வந்தவர் என்று தெரிந்தாலே பத்து மாத அட்வான்ஸ் கேட்பார்கள். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாத பட்சத்தில் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்கிறது. அந்த ‘எழுதாத பட்சத்தில்’ என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒப்பந்தத்தைப் படித்துப் பார்த்து, பேரம் பேசி, வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யுங்கள். வீட்டுக்குத் தனி இ.பி. மீட்டர் இருந்தால் அரசு தரும் இலவச மின்சாரம் உங்கள் கணக்கில் வரும். சப்-மீட்டர் போட்டு யூனிட்டுக்கு இவ்வளவு என்று வசூலிக்கும் வீட்டில் அது உங்களுக்கு வந்து சேராது.

வெளிநாட்டுச் சேமிப்பைக் கையில் வைத்துக்கொண்டு வந்த மாதமே ஃபிளாட் வாங்கத் துடிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வாடகைக்கு இருந்து ஒரு கார்த்திகையையும் ஒரு சித்திரையையும் இதே ஊரில் பாருங்கள். அதற்குப் பிறகும் பிடித்திருந்தால் வாங்குங்கள். மெட்ரோ வரப்போகிறது என்று சொல்லி இப்போதே கூட்டிக் கேட்கிற வாடகையை ஒத்துக்கொள்ளாதீர்கள். ரயில் ஓடத் தொடங்கிய பிறகு அதற்கான விலையைக் கொடுத்தால் போதும்.