பிள்ளைகளுக்கிடையே நீதம்

நீதம் என்றதும் நம் நினைவுக்கு வருவது காஜியின் சபையும், நீதிமன்றமும், நாட்டை ஆள்வோரும்தான். ஆனால் தாயும் தந்தையும் நாள்தோறும் எத்தனையோ தீர்ப்புகள் வழங்குகிறார்கள். மீனைப் பங்கிடும்போதும், பெருநாளைக்குத் துணி எடுக்கும்போதும், ‘யார் முதலில் அடித்தது?’ என்று விசாரிக்கும்போதும் அவர்கள் நீதிபதிகளே. அந்தச் சபையில் வழக்காடுவோர் சிறுபிள்ளைகள். தீர்ப்பு தவறானால் முறையிட அல்லாஹ்வைத் தவிர அவர்களுக்கு வேறு யாருமில்லை.

தந்தையின் மையித்தை அடக்கிவிட்டு வந்த சில நாட்களிலேயே பேச்சு முறிந்துபோன உடன்பிறந்தாரை நாம் ஊர்தோறும் காண்கிறோம். சொத்துதான் காரணம் என்கிறோம். சற்று ஆழ்ந்து விசாரித்தால், அந்த மனக்கசப்பு சிறுவயதில் சோற்றுத் தட்டின் முன்னாலேயே முளைத்திருப்பது தெரியவரும்.

நுஃமான் (ரலி) அவர்கள் கூறும் நிகழ்ச்சி

நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்கள் சிறுபிள்ளையாக இருந்தபோது, தந்தை பஷீர் (ரலி) அவர்கள் தம் பிள்ளைகளில் அவருக்கு மட்டும் ஓர் அன்பளிப்பு வழங்கினார்கள். தாயார் அம்ரா பின்த் ரவாஹா (ரலி) அவர்களோ, இதற்கு நபி (ஸல்) அவர்களைச் சாட்சியாக்கினாலன்றித் தமக்குத் திருப்தியில்லை என்று கூறிவிட்டார்கள். பஷீர் (ரலி) அவர்கள் நபியவர்களிடம் சென்றார்கள். மற்றப் பிள்ளைகளுக்கும் இவ்வாறு கொடுத்தீரா என்று நபி (ஸல்) அவர்கள் வினவினார்கள். இல்லை என்றதும், அல்லாஹ்வை அஞ்சிப் பிள்ளைகளுக்கிடையே நீதமாக நடக்குமாறு பணித்தார்கள். பஷீர் (ரலி) அவர்கள் திரும்பி வந்து அந்த அன்பளிப்பை மீட்டுக்கொண்டார்கள். இது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ள ஹதீஸ்.

முஸ்லிமின் ஓர் அறிவிப்பில், பிள்ளைகள் எல்லோரும் உமக்கு ஒரேவிதமாக நன்மை செய்வதை நீர் விரும்பமாட்டீரா என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டதாகவும் வந்துள்ளது. இக்கேள்வியைச் சிந்தியுங்கள். முதுமையில் நம்மைத் தாங்க எல்லாப் பிள்ளைகளும் வேண்டும் என்கிறோம். கொடுக்கும்போது மட்டும் ஒரு பிள்ளையைத் தேடுகிறோம்.

ஷாஃபிஈ மத்ஹபில், பிள்ளைகளுக்கு அன்பளிப்புக் கொடுப்பதில் சமமாக நடப்பது சுன்னத்து. காரணமின்றிக் கூட்டிக் குறைப்பது மக்ரூஹ். இமாம் அஹ்மத் (ரஹ்) அவர்கள் சமமாக நடப்பது வாஜிப் என்றே கூறினார்கள். ‘ஆணுக்கு இரு பங்கு, பெண்ணுக்கு ஒரு பங்கல்லவா?’ என்று சிலர் கேட்பதுண்டு. அது மரணத்திற்குப் பின் வாரிசுரிமையில் அல்லாஹ் விதித்த பங்கு. உயிரோடிருக்கையில் கொடுக்கும் அன்பளிப்பில் மகனும் மகளும் சமம் என்பதே ஷாஃபிஈ மத்ஹபின் தீர்ப்பு. ஹனஃபீ மத்ஹபின் இமாம் அபூயூஸுஃப் (ரஹ்) அவர்களின் கருத்தும் அதுவே.

உள்ளமும் கையும்

ஒரு பிள்ளையின் மீது உள்ளம் சற்றுக் கூடுதலாகச் சாய்வது மனித இயல்பு. அது நம் கையில் இல்லை. யஃகூப் (அலை) அவர்களுக்கு யூஸுஃப் (அலை) அவர்கள்மீது தனிப் பிரியம் இருந்தது. நபியாகிய அவர்கள் யாருக்கும் அநீதி செய்யவில்லை. ஆயினும் மற்றப் பிள்ளைகளின் உள்ளம் அப்பிரியத்தை அளந்து பார்த்தது. முடிவில் தம்பியைக் கிணற்றில் போடுமளவுக்கு அவர்களை இழுத்துச் சென்றது. மகன் கண்ட கனவைச் சகோதரர்களிடம் சொல்ல வேண்டாம் என்று தந்தை எச்சரித்ததும் திருக்குர்ஆனின் பன்னிரண்டாம் அத்தியாயத்தில் உள்ளது. உள்ளத்தின் சாய்வே பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடும் என்றால், கையும் நாவும் சேர்ந்து சாய்ந்தால் நிலை என்னவாகும்?

என் வீட்டில் நடந்தது

இதை உபதேசமாக மட்டும் சொல்லிவிட்டுப் போக எனக்கு உரிமையில்லை. எனக்கு ஒரு மகளும், அவளுக்கு இளையவனாக ஒரு மகனும் உண்டு. சீலா மீன் வாங்கும் நாட்களில் நடுத்துண்டை எடுத்து மகனின் தட்டில் வைப்பது என் வழக்கம். மெலிந்த பிள்ளை, ஓதுகிற பிள்ளை என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொள்வேன். மகளும் ஓதுகிறாள், அவளும் மெலிந்தவள்தான்.

ஒருநாள் மகன் பாட்டி வீட்டுக்குப் போயிருந்தான். என் மனைவி சோறு பரிமாறி, நடுத்துண்டை மகளின் தட்டில் வைக்கப்போனார். அவள் தட்டை நகர்த்திக்கொண்டு, “அதைத் தம்பிக்கு எடுத்து வச்சிருங்க உம்மா. வாப்பா கேப்பாங்க” என்றாள்.

அவள் குறை சொல்லவில்லை, அழவுமில்லை. கோபத்தோடு சொல்லியிருந்தால் எனக்கு இவ்வளவு உறுத்தியிருக்காது. நல்லது எதுவோ அது தம்பிக்குரியது என்பதை வீட்டுச் சட்டமாகவே அவள் ஏற்றுக்கொண்டிருந்தாள். அந்தச் சட்டத்தை உண்டாக்கியவன் நான். நுஃமான் (ரலி) அவர்களின் ஹதீஸை அதற்கு முந்திய ஜும்ஆவில்தான் பயான் செய்திருந்தேன். வீட்டார் ஒலிபெருக்கியில் அதைக் கேட்டுமிருந்தார்கள்.

நடுத்துண்டை நானே அவள் தட்டில் வைத்து, “வாப்பா இதுவரை செய்தது தவறும்மா” என்றேன். அவள் உம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு பாதியைப் பிய்த்துத் தம்பிக்கென்று ஒதுக்கி வைத்துவிட்டே சாப்பிட்டாள். பஷீர் (ரலி) அவர்கள் கொடுத்த பொருளை மீட்டுக்கொள்ள முடிந்தது. ஆண்டுக்கணக்கில் ஒரு பிள்ளைக்குக் காட்டிவிட்ட சலுகையை நாம் எங்கே போய் மீட்பது? இனியேனும் சரியாக நடப்பது ஒன்றே வழி.

நாம் செய்ய வேண்டியவை

1. பண்டங்களைச் சமமாகப் பங்கிடுங்கள். சமமாகப் பங்கிட இயலாததை முறைவைத்துக் கொடுங்கள். இப்போது எங்கள் வீட்டில் மீன்துண்டை முதலில் எடுப்பது ஒருநாள் மகள், மறுநாள் மகன்.

2. அன்பிலும் இதைப் பேணுங்கள். ஒருவர் தம் மகன் வந்ததும் முத்தமிட்டு மடியில் அமர்த்தினார். மகள் வந்ததும் பக்கத்தில் மட்டும் அமர்த்தினார். இருவருக்குமிடையே நீர் நீதமாக நடக்கவில்லையே என்று நபி (ஸல்) அவர்கள் கண்டித்ததாக அனஸ் (ரலி) அவர்களின் அறிவிப்பு ஒன்றை இமாம் தஹாவீ (ரஹ்) பதிவு செய்துள்ளார்கள்.

3. ‘அவனைப் பார், நீயும் இருக்கிறாயே’ என்று ஒப்பிட்டுப் பேசாதீர்கள். அச்சொல் ஒரு பிள்ளைக்குப் பெருமையையும் மற்றப் பிள்ளைக்குப் பகையையும் ஊட்டும்.

4. வேலையிலும் நீதம் வேண்டும். நபி (ஸல்) அவர்கள் வீட்டில் தம் குடும்பத்தாரின் பணிகளில் ஈடுபட்டிருப்பார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்கள் கூறியது புகாரியில் உள்ளது. அப்படியிருக்க, தான் உண்ட தட்டைக் கழுவுவது ஆண்பிள்ளைக்கு எப்படி இழிவாகும்?

5. தேவை வேறு, அன்பளிப்பு வேறு. நோயாளிப் பிள்ளையின் மருந்துக்கும், மேற்படிப்புக்குச் செல்லும் பிள்ளையின் கட்டணத்துக்கும் கூடுதலாகச் செலவாவது அநீதியல்ல. ஆனால் காரணத்தை மற்றப் பிள்ளைகளுக்கும் விளங்கச் சொல்லுங்கள்.

6. சண்டையில் இரு தரப்பையும் கேளுங்கள். அலீ (ரலி) அவர்களை யமனுக்கு அனுப்பும்போது, ஒருவரின் வாதத்தை மட்டும் கேட்டுத் தீர்ப்பளிக்கக் கூடாது என்று நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள். முதலில் அழுதுகொண்டு ஓடிவரும் பிள்ளையின் பக்கமே நியாயம் இருக்கும் என்பதில்லை.

இன்றிரவு சோறு பரிமாறும்போது, பேசாமல் உண்டு எழும் பிள்ளையின் தட்டைச் சற்றுப் பாருங்கள். கேட்கத் தெரிந்த பிள்ளை தன் பங்கைக் கேட்டு வாங்கிக்கொள்ளும். கேளாத பிள்ளையின் பங்குக்காகவே மறுமையில் நாம் அதிகம் அஞ்ச வேண்டும்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளை நமக்குக் கண்குளிர்ச்சியாக ஆக்கி, அவர்களுக்கிடையே நீதமாக நடக்கும் பெற்றோராக நம்மையும் ஆக்கியருள்வானாக! ஆமீன்.