நூலும் ஒரு காணிக்கையே



கோவில் அலங்காரம் என்றதும் கடையில் வாங்கும் காகிதத் தோரணமும் பிளாஸ்டிக் பூவுமே நம் நினைவுக்கு வருகின்றன. பணம் கொடுத்தால் ஒரு மணி நேரத்தில் வந்து சேரும். திருநாள் முடிந்ததும் குப்பைக்குப் போகும். வீட்டிலே கையால் பின்னிய நூல்வேலையோ அப்படிப்பட்டதல்ல. அதைப்பற்றி இவ்வாரம் படிப்போம்.

1. வேதாகமம் காட்டும் மாதிரி

மோயீசன் பரிசுத்த கூடாரத்தை அமைத்த வரலாறு யாத்திராகமத்தில் உள்ளது. கைத்திறமுள்ள ஸ்திரீகள் நீலம், ஊதா, சிவப்பு நூல்களையும் மெல்லிய லினன் நூலையும் தங்கள் கைகளாலேயே நூற்றுக் கொண்டுவந்தார்கள். வெள்ளாட்டு மயிரைத் திரித்தவர்களும் உண்டு. மெல்லிய நூல் உள்விரிப்பாயிற்று. ஆட்டுமயிர் அதன்மேல் மூடியாயிற்று. இரண்டும் தேவைப்பட்டன, ஒன்றும் தள்ளப்படவில்லை.

உள்விரிப்புகள் 10. ஒவ்வொன்றும் 28 முழ நீளம், 4 முழ அகலம். அவற்றை ஐந்தைந்தாகச் சேர்த்து, இரு ஓரங்களிலும் ஐம்பது ஐம்பது நீலக் கண்ணிகள் வைத்து, 50 பொற்கொக்கிகளால் பிணைத்தபோது எல்லாம் ஒரே கூடாரமாயின. எந்த இழையை எவள் நூற்றாள் என்று வேதாகமம் பெயர் சொல்லவில்லை. சர்வேசுரன் அறிந்தால் போதாதா?

2. நம் நாட்டுச் சான்று

1897-ம் ஆண்டில் பெல்ஜியம் நாட்டுக் கன்னியாஸ்திரீயாகிய தாய் மரி லூயிஸ் டி மீஸ்டர் முளகுமூட்டுக்கு வந்து சேர்ந்தார். அவ்வூர் அன்று திருவிதாங்கூரைச் சேர்ந்தது. இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ளது. அநாதைப் பிள்ளைகளை ஆதரித்த அம்மடத்தில் லேஸ் பின்னலும் பூத்தையலும் கற்பிக்கப்பட்டன. பீடத்தை அழகுசெய்யும் வேலையே ஏழைப் பெண்ணின் கைத்தொழிலுமாயிற்று. இவ்வேலையைப் பாட்டிமாரிடமிருந்து பேத்திகள் கற்றுக்கொள்ளாவிட்டால், அது ஒரு தலைமுறையிலே மறைந்துபோகும்.

3. செய்யும் முறை

1963-ல் வத்திக்கான் சங்கம் திருவழிபாட்டைப்பற்றி வெளியிட்ட ஏட்டில், வெறும் ஆடம்பரத்தைவிட மேன்மையான அழகையே நாடவேண்டுமென்று போதித்தது. ஆகையால் இவற்றைக் கவனியுங்கள்:

பீடத்தின் மேல்துணி வெள்ளையாயிருக்கவேண்டும். குரோஷா ஊசியால் பின்னிய ஓரம் முன்புறம் தொங்கட்டும். பூசைப் பாத்திரம் வைக்கும் இடத்தில் முடிச்சும் மேடும் வேண்டாம். பாத்திரம் சாய இடமுண்டு.

பின்னுமுன் நூலை நனைத்து உலர்த்துங்கள். சுருங்குமா, சாயம் போகுமா என்பது அப்போதே தெரிந்துவிடும்.

மெழுகுதிரிக்கு அருகில் எந்த நூல்வேலையும் தொங்கலாகாது. செயற்கை நூல் உருகித் தீப்பற்றும்.

சுவரில் தொங்கும் பின்னலுக்குக் காலத்துக்கேற்ற நிறம் எடுங்கள்: ஆகமன காலத்துக்கும் தபசுகாலத்துக்கும் ஊதா, கிறிஸ்து பிறப்புக்கும் பாஸ்குவுக்கும் வெள்ளை, பெந்தெகோஸ்தே திருநாளுக்குச் சிவப்பு.

4. நாம் செய்யவேண்டியது

வீட்டுக்கு ஒரு சாண் சதுரமாக ஒரு துண்டு பின்னி, எல்லாவற்றையும் ஒன்றாகத் தைத்தால் ஒரு பெரிய திரை ஆகும். பின்னத் தெரியாதவர் நூல் வாங்கித் தரலாம். பிள்ளைகள் நூலைச் சுற்றித் தரலாம். கண் மங்கிய பாட்டி விரலால் தடவியே பின்னலைச் சொல்லித் தரலாம். ஒன்றை மட்டும் விலக்குவோம்: 'இன்னார் உபயம்' என்று அதில் எழுதவேண்டாம். பெயர் எழுதினால் கண் பீடத்தைப் பாராமல் பெயரையே பார்க்கும். கோணலான துண்டு வந்தாலும் அதைத் திருப்பி அனுப்பாதீர்கள்; அதையும் திரையில் சேர்த்துத் தையுங்கள். அந்த வீடும் நம் பங்கைச் சேர்ந்ததுதானே?

குடும்பத்தில் கேட்டுப் பேச:

வெள்ளாட்டு மயிரைத் திரித்தவர்களின் காணிக்கை எதற்குப் பயன்பட்டது?

நம் வீட்டில் பின்னத் தெரிந்தவர் யார்? அவரிடம் கற்றுக்கொள்ளப்போகிறவர் யார்?

பெயர் தெரியாமல் கொடுப்பது நமக்கு ஏன் கடினமாயிருக்கிறது?