ஆக்கியோன் இசைவு

தேயிலைப் பெட்டி கடல் கடந்து செல்லும்போது அதன்மேல் தோட்டத்தின் பெயர் இருக்கும். கொழுந்து பறித்த கையின் பெயர் இராது. நுவரெலியாவிலும் அட்டனிலும் பிறந்து வளர்ந்த நம்மவர்க்கு இது புதுச்செய்தியன்று. ஆயின் அம்மலைகளில் தோன்றிய கவிஞரும் ஓவியரும் தம் ஆக்கத்தின்மேல் தம் பெயரைப் பொறிக்க வல்லவர். அப்பெயரைப் பேணுதல் கற்றோர் கடமையாகும். ஆதலின், பிறர் ஆக்கத்தை மறுபதிப்புச் செய்ய இசைவு கேட்கும் முறையையும் அதனை வழங்கும் முறையையும் ஈண்டு ஆராய்வோம்.

இதனை எழுதும் நாமும் ஒருகால் தவறியவரே. பல்லாண்டுகளின் முன் மலரொன்றைத் தொகுத்தபோது, பழைய மாணவர் ஒருவர் வரைந்த கொழுந்து பறிக்கும் பெண்ணின் ஓவியத்தை அட்டையில் அச்சிட்டோம். ஓவியம் மண்டபச் சுவரில் தொங்கியமையால் அது நம்முடையதே என எண்ணிவிட்டோம். அட்டையின் அளவுக்கு இசையுமாறு அதன் அடிப்புறத்தை வெட்டினோம். அவருடைய கையொப்பம் அங்கேதான் இருந்தது. மலரைக் கண்ட ஓவியர் சினந்தாரில்லை. “கேட்டிருந்தால் மறுத்திருக்கமாட்டேனே, ஐயா” என்று மட்டும் கூறினார். அச்சொல் இன்றும் நெஞ்சில் உறுத்துகின்றது.

அன்று நாம் செய்த பிழைகள் இரண்டு. ஓவியத்தை உடைமையாகப் பெறுதல் வேறு; அதனைப் படியெடுத்து அச்சிடும் உரிமை வேறு. முன்னதைப் பெற்றவர் அதனைச் சுவரில் மாட்டலாம். அச்சிட விரும்பின் பதிப்புரிமை உடையவரின் இசைவு வேண்டும். இது முதற்பிழை. பெயரை நீக்கியதும் உருவைச் சிதைத்ததும் இரண்டாவது. இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், படியெடுத்தல், மொழிபெயர்த்தல் முதலிய பொருளியல் உரிமைகளோடு, பெயர் விளங்கவும் ஆக்கம் சிதையாதிருக்கவும் கோரும் ஒழுக்கவியல் உரிமைகளையும் ஆக்கியோனுக்கு அளிக்கின்றது. வகுப்பில் விளக்குதற்கும் அளவாக மேற்கோள் காட்டுதற்கும் சட்டம் இடந்தருகின்றது; ஆங்கும் ஆக்கியோன் பெயரைச் சுட்டுதல் வேண்டும்.

இப்பாதுகாப்பு ஆக்கியோன் வாழ்நாளிலும், அவர் மறைந்தபின் எழுபது ஆண்டுகளும் நிலைக்கும். மடக்கும்புரைத் தோட்டத்தில் 1914இல் பிறந்து, 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினரான கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளையை அறியாதார் நம்முள் இலர். தேயிலைத் தோட்டத்தார் வாழ்வைப் பாடிய அவருடைய ஆங்கில நெடுங்கவிதை 1954இல் வெளிவந்தது. சக்தீ அ. பால ஐயா அதனைத் ‘தேயிலைத் தோட்டத்திலே’ எனத் தமிழாக்கினார். அது 1969இல் நூலாயிற்று. வேலுப்பிள்ளை 1984இல் மறைந்தார். ஆகவே மூலத்தின் உரிமை 2054ஆம் ஆண்டுவரை காக்கப்படும். மொழிபெயர்ப்புக்கும் தனியுரிமை உண்டு. தமிழாக்கத்தை முழுமையாக அச்சிட விரும்பும் மலர்க்குழு, மூலக் கவிஞரின் உரிமையாளரிடமும் மொழிபெயர்ப்பாளரின் உரிமையாளரிடமும் இசைவு பெறுதல் வேண்டும்.

இசைவு எழுத்தில் அமைந்து கையொப்பம் பெறவேண்டும் என்பது சட்டவிதி. கேட்போர் தம் மடலில் எந்த ஆக்கம், எந்த மலர், எத்தனை படிகள், எப்பக்கத்தில், வண்ணத்திலா கருமையிலா என்பனவற்றைத் தெளிவாக எழுதுக. கொடுப்போர், ஒருமுறைக்கு மட்டுமா, பணம் பெற்றா இலவசமாகவா, பெயர் எவ்வாறு அச்சாதல் வேண்டும், வெட்டலும் மாற்றலும் கூடுமா என வரையறுத்து விடையளிக்க. இலவசமாகக் கொடுத்தலும் உரிமையைத் துறத்தலும் ஒன்றல்ல. மலருக்கு அளித்த இசைவு நாட்காட்டிக்குச் செல்லாது. அதற்கு மறுபடியும் கேட்டல் முறை. ‘எல்லா உரிமையும் தந்தேன்’ என்னும் ஒற்றை வரியில் இளங்கலைஞர் கையொப்பமிடுமுன் ஒருமுறைக்கு இருமுறை சிந்திப்பாராக.

உரிமை கைமாறிய பின் ஆக்கம் என்னாகும் என்பதற்குப் பாரதியார் வரலாறே சான்று. அவர் 1921இல் மறைந்தார். அவருடைய பாடல்களின் உரிமை குடும்பத்தை விட்டுப் பலர் கைக்குச் சென்றது. இசைத்தட்டுக்கும் திரைப்படத்துக்குமான உரிமை ஏ. வி. மெய்யப்பன் அவர்களிடம் இருந்தது. 1949இல் சென்னை அரசு அவ்வுரிமைகளைப் பெற்றது. பின்னர் அவை பொதுவுடைமையாயின. இன்று பாரதி பாடலை அச்சிட எவரையும் கேட்கவேண்டுவதில்லை. எனினும் பெயரை மறைக்கவோ பாடத்தைத் திரிக்கவோ நமக்கு மனம் வருமோ? சட்டத்தின் காலம் முடிந்த இடத்திலும் மரியாதையின் காலம் முடிவதில்லை.

விழா மலர்கள் பல வெளிவரும் காலமிது. பழைய மாணவர் வரைந்தவையும் பாடியவையும் அவற்றை அணிசெய்தல் நன்றே. மலர்க்குழுவினரே, அச்சகம் செல்லுமுன் ஒரு மடல் எழுதுங்கள். கலைஞரே, மனமுவந்து விடையளியுங்கள். நாம் அன்று எழுதத் தவறியது அந்த ஒரு மடலே.